குன்னூரில் நர்ஸ்களுக்கான ஆங்கில வகுப்பு: சேரலாமா?

பெட்ஃபோர்டு பக்கம், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் மாலை நேரம் நடக்கிற வகுப்பு. பிரிட்டனுக்கு வேலைக்குப் போக நினைக்கும் நர்ஸ்களுக்கென்றே நடத்துகிறார்கள். மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.க்குப் பயிற்சி கோயம்புத்தூரில் எத்தனையோ இடத்தில் கிடைக்கும். பிரிட்டன் வார்டில் நோயாளி பேசுகிற கொச்சையையும் சேர்த்துச் சொல்லித் தருகிறார்கள் என்றுதான் இங்கே சேர்ந்தேன்.

பார்க்க ஒன்றுபோல இருக்கும் சொற்களை ஜோடி ஜோடியாக எடுத்து, எங்கிருந்து வந்தது என்று சொல்லி விளக்குகிறார் டீச்சர். 'பெக்கிஷ்' என்றால் லேசாகப் பசிக்கிறது; பறவை கொத்துவதைச் சொல்லும் 'பெக்'கிலிருந்து வந்தது. 'பீக்கி' என்றால் முகம் வெளுத்து உடம்பு சரியில்லாத மாதிரி இருப்பது. மெலிந்து வாடுவதற்கு இருந்த பழைய வினைச்சொல் 'பீக்', அதன் வழி வந்தது. முதலாமவருக்கு பிஸ்கட் போதும், இரண்டாமவருக்கு உடனே பி.பி. பார்க்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் வார்டில் நிற்க முடியுமா?

எனக்கு மிகவும் பிடித்தது 'நேக்கர்டு', 'நிக்கர்ஸ்' நடத்திய அன்றைய வகுப்பு. நைட் டூட்டி முடித்து 'நேக்கர்டு' என்றால் அடியோடு களைத்துப்போனேன் என்று அர்த்தம். உழைத்து ஓய்ந்த குதிரைகளை வாங்கி வெட்டுகிறவருக்கு அந்த ஊரில் 'நேக்கர்' என்று பெயர். 'நிக்கர்ஸ்' வேறு. நம்மூரில் நிக்கர் என்றால் பையன்கள் போடும் அரை டிரவுசர். அங்கே பெண்களின் உள்ளாடை. இரண்டுக்கும் மூலம் முழங்காலோடு நிற்கும் 'நிக்கர்பாக்கர்ஸ்' கால்சட்டை. அந்தப் பெயரோ, வாஷிங்டன் இர்விங் 1809-ல் வைத்துக்கொண்ட புனைபெயரிலிருந்து வந்தது. குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் எனக்கு இது தெரிந்தே ஆக வேண்டும்.

அப்புறம் 'பிஸ்டு'. அங்கே அது குடித்திருப்பது. பின்னால் 'ஆஃப்' சேர்ந்தால் கோபம். கேஷுவாலிட்டியில் எது என்று புரியாவிட்டால் கேஸ் ஷீட்டில் தப்பாகப் போய்விடும். இப்படிப்பட்ட சொற்களைக் காதால் புரிந்துகொள்ளுங்கள், நோயாளியிடம் நீங்கள் சொல்லக் கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகப் பிரித்துச் சொல்கிறார். இந்தப் பொறுப்புக்காகவே நான் நான்கு நட்சத்திரம் கொடுப்பேன்.

குறை இல்லாமல் இல்லை. ஒலிப்பதிவுகள் எல்லாம் லண்டன் பேச்சு. ஸ்காட்லாந்துப் பேச்சு ஒன்றுகூட இல்லை. கிளாஸ்கோவுக்குப் போகிறவர்கள் தனியாகக் கேட்டுப் பழக வேண்டும். நோட்ஸும் மங்கலான ஜெராக்ஸ். கோத்தகிரியிலிருந்து வருகிறவர்கள் சனிக்கிழமைக் காலை பேட்ச் கேளுங்கள். மாலை வகுப்பு முடியும்போது பஸ் குறைந்துவிடும், மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம்.