டிக்கட் என்று தந்தது டிக்கட்டே இல்லை: கைப்பிள்ளையோடு தனியாகப் பறக்கப் போகும் கர்ப்பிணிகள் கவனம்

கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். ஆறினால் எழுத மாட்டேன், போனது போகட்டும் என்று இருந்துவிடுவேன். டிக்கட் என்று சொல்லிக் காசு வாங்கிய அந்த ஏஜென்சி ஆளும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்.

போன வியாழன் இரவு கட்டுநாயக்கா எயார்போர்ட் கவுண்டரில், ஏழு மாத வயிற்றோடு, இடுப்பில் பன்னிரண்டரைக் கிலோ மகனோடு நின்ற எனக்கு, "உங்கள் பெயரில் டிக்கட் இல்லை" என்றார்கள். போனது 385,000 ரூபா. எப்படி ஏமாந்தேன், இனிப் போகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் கிளிநொச்சிப் பக்கம். கணவர் கனடாவில். எனக்கும் மகனுக்கும் விசா வந்த நேரம் நான் இரண்டாவது பிள்ளையோடு இருந்தேன். பிள்ளை இங்கே பிறந்துவிட்டால் அதையும் விசா ஃபைலில் சேர்க்க வேண்டும், எல்லாம் இழுபடும். அதனால் வயிற்றோடேயே போய்விடுவோம் என்று முடிவெடுத்தோம். என்னிடம் வங்கி அட்டை இல்லை. விமான நிறுவனத்தின் கொழும்பு ஒபிசுக்கு எடுத்தால் ஆங்கிலம் அல்லது சிங்களம். தமிழில் ஆறுதலாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் ஏஜென்சிக்குப் போனேன்.

கிளிநொச்சி நகரத்தில் ஏ9 வீதி ஓரமாக டிக்கட் போடுகிற கடைகள் எத்தனையோ. அதில் ஒன்று. பெயர் எழுதவில்லை. எழுதினால் மானநட்டம் என்று லோயர் கடிதம் வரும் என்கிறான் தம்பி.

அன்றைக்கு அதற்கு முன்னமே இரண்டு கடை ஏறி இறங்கியிருந்தேன். ஒரு இடத்தில் கொம்பியூட்டரை விட்டுத் தலை நிமிரவே இல்லை. இந்தக் கடையில் ஏசி, சுவரில் பிள்ளையார் படம், கண்ணாடிக்குள் சின்னச் சின்ன பிளாஸ்டிக் விமானங்கள். மகன் சிணுங்க, அந்த அண்ணை ஒரு விமானத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "எத்தனையாவது கிழமை தங்கச்சி?"

எத்தனை மாதம் என்று கேட்கவில்லை. கிழமை கேட்டார். விஷயம் தெரிந்த மனிதர் என்று அந்த ஒரு சொல்லில் விழுந்தேன்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் சரியான தகவல், அதுதான் இன்னும் எரிகிறது. 28 கிழமை தாண்டினால் பெரும்பாலும் டொக்டரின் கடிதம் கேட்பார்கள், அதில் பிள்ளை பிறக்கும் உத்தேச திகதியும் பறக்கலாம் என்பதும் இருக்க வேண்டும் என்றார். வயிற்றில் ஒரு பிள்ளை என்றால் அநேகமாக 36 கிழமை வரை ஏற்றுவார்கள், இரட்டை என்றால் அதற்கு முன்னமே நிறுத்திவிடுவார்கள் என்றார். இரண்டு வயது முடியாத பிள்ளைக்குத் தனிச் சீட்டு தேவையில்லை, மடியில் வைத்துக்கொண்டால் பெரிய ஆளின் கட்டணத்தில் 10 வீதம் போல வரும் என்றார். என் மகனுக்கு இருபத்திரண்டு மாதம், சரியாகப் பொருந்தியது. "காலில ரத்தம் கட்டாமல் அப்பப்ப எழும்பி நடவுங்கோ, தண்ணி குடியுங்கோ" என்று கூடச் சொன்னார். எங்கள் மிட்வைஃப் அக்கா சொன்ன அதே புத்திமதி.

கணக்கை ஒரு துண்டில் எழுதினார். எனக்கு 310,000. மகனுக்கு 45,000 (10 வீதம் என்றவர் 31,000 அல்லவா எழுத வேண்டும்? மிச்சம் வரி என்றார், நானும் தலையாட்டினேன்). விமானத்தில் தொட்டில் பதிய 20,000. எயார்போர்ட்டில் சக்கர நாற்காலியும் கூட வர ஒரு ஆளும் 10,000. மொத்தம் 385,000.

கணவர் அனுப்பியது 160,000. மிச்சம் 225,000க்கு அம்மாவின் காப்புகளை ஈடு வைத்தோம். 2009இல் மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியபோது அம்மா துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தவை அவை. செட்டிகுளம் முகாமில் பால்மாவுக்கு அந்தரப்பட்ட நாட்களிலும் அவற்றை அம்மா விற்கவில்லை. எனக்காகக் கழற்றித் தந்தா.

காசு கையில்தான் கொடுத்தேன். பில் புத்தகத்தில் ஒரு தாள் கிழித்துத் தந்தார். "பயண ஏற்பாட்டுக் கட்டணம்" என்று எழுதியிருந்தது. டிக்கட் என்ற சொல்லே அதில் இல்லை என்பதை நான் வெள்ளிக்கிழமைதான் கவனித்தேன்.

அதோடு ஒரு பிரிண்ட். விமான இலக்கம், நேரம், என் பெயர், மேலே ஆறு எழுத்தில் ஒரு பதிவுக் கோட். "உறுதி" என்றும் போட்டிருந்தது. நான் முற்றிலும் மூடமும் இல்லை. அன்றிரவே விமான நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த ஆறு எழுத்தையும் அடித்துப் பார்த்தேன். என் பெயர் வந்தது. நிம்மதியாகப் படுத்தேன். அதற்குப் பிறகு ஒருநாளும் பார்க்கவில்லை.

வியாழன் மத்தியானம் வெளிக்கிட்டோம். முறிகண்டியில் வானை நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு ஏறினோம். புத்தளத்துக்குக் கிட்ட மகன் என் மேலேயே சத்தி எடுத்தான். எயார்போர்ட் வாசலில் தம்பி கட்டிப்பிடித்து அழுதுவிட்டு நின்றான். நான் உள்ளே போனேன்.

கவுண்டரில் வேலைக்கு இருந்த பெண்பிள்ளை மூன்று தரம் அடித்துப் பார்த்தது. பிறகு எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னது. மூன்றாம் திகதி சீட்டைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். காசு கட்டி டிக்கட் எடுக்கவில்லை. கெடு முடிய, ஐந்தாம் திகதி பதிவு தானாகவே கலைந்திருக்கிறது. சீட்டுப் பிடித்தது வேறு, டிக்கட் வேறு. டிக்கட் என்றால் 13 இலக்கத்தில் ஒரு நம்பர் இருக்கும். என் தாளில் அது எங்கே என்று கேட்டது. எங்கேயும் இல்லை. அந்தப் பதிவில் மகனின் பெயர் சேர்க்கப்படவே இல்லை என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். தொட்டிலைப் பற்றிக் கேட்டேன். அதற்குக் காசு எடுப்பதில்லையாம், முன்கூட்டிச் சொன்னால் போதுமாம். அதோடு பல விமானங்களில் 10, 11 கிலோதான் எல்லை, இந்தப் பிள்ளையை அதில் போடவே முடியாது என்றது. சக்கர நாற்காலியும் இலவசம்தான்.

மகன் கவுண்டர் முன்னால் நிலத்தில் படுத்துக் கத்துகிறான். எனக்குக் குனிந்து அவனைத் தூக்க முடியவில்லை. ஒரு சிங்கள அம்மா தூக்கித் தந்தா. மிச்சத்தை எழுத மனம் இல்லை.

அண்ணையின் போன் அன்றிரவு ஓஃப். வெள்ளி காலை பத்து மணிக்கு எடுத்தார். "சிஸ்டம் பிழை தங்கச்சி, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ." பின்னேரம் கேட்டால், "கொழும்பு ஆக்கள் விட்ட பிழை, நானும் பாதிக்கப்பட்டவன்தான்." சனிக்கிழமை தம்பி நேரே போனான். "ரீஃபண்ட் வர 45 வேலை நாள் எடுக்கும்." எடுக்காத டிக்கட்டுக்கு என்ன ரீஃபண்ட் என்று தம்பி கேட்க, முதலாளி வேறு ஆளாம், தான் சம்பளத்துக்கு நிற்கிறவராம்.

ஞாயிறு வந்த குரல்பதிவுதான் என்னை இதை எழுத வைத்தது. "நீங்கள் வயித்தோட எண்டு எங்களுக்குச் சொல்லேல்ல. சொல்லியிருந்தா நாங்கள் போட்டிருக்க மாட்டம். அதாலதான் அவை ஏத்தேல்ல."

எத்தனையாவது கிழமை என்று கேட்ட வாய் அது.

என் கணிப்பு இதுதான். வேறு ஆளாக இருந்தால் கடை வாசலில் போய் நின்று சத்தம் போடும் என்று அவருக்குத் தெரியும். வயிறும் கைப்பிள்ளையுமாக இருக்கிறவள் எத்தனை தரம் பஸ் ஏறி வருவாள்? பிள்ளை பிறந்தால் அதோடு மறந்துவிடுவாள். 385,000 ரூபாவை அப்படித்தான் கணக்குப் பார்த்திருக்கிறார். கணவரோ போனில், "நீ ஏன் அந்த நம்பரைப் பார்க்கேல்ல" என்கிறார். அவருக்கும் கோபம், எனக்கும் கோபம், இரண்டு நாளாகச் சரியாகக் கதைக்கவில்லை.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். நாளை காலை பொலிசில் முறைப்பாடு. பில், பிரிண்ட், குரல்பதிவு எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிட்டோம்.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்றேன். மகன் எழும்பிவிட்டான், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு எழுத்துக் கோட் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள், 13 இலக்க டிக்கட் நம்பர் உங்களுக்கும் பிள்ளைக்கும் தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். காசு கட்டி இரண்டு நாள் கழித்து ஒரு தரம், போவதற்கு முதல் நாள் ஒரு தரம் விமான நிறுவனத்தோடு நேரே கதையுங்கள். சிங்களம் தெரிந்த யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டாவது எடுங்கள். தொட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் யாராவது காசு கேட்டால் அந்த இடத்திலேயே எழும்பி வாருங்கள். கையில் காசு கொடுக்காதீர்கள், வங்கியில் போடுங்கள். பில்லில் "டிக்கட்" என்று எழுதச் சொல்லுங்கள். திரும்பி வருகிற பயணமும் இருந்தால், இடையில் பிள்ளைக்கு இரண்டு வயது முடிகிறதா பாருங்கள், முடிந்தால் வரும்போது தனிச் சீட்டு எடுக்க வேண்டும். வேறு ஏதோ ஒன்றும் இருந்தது, ஞாபகம் வரவில்லை.

எனக்கு இப்போது முப்பதாவது கிழமை. கிளினிக் டொக்டரின் கடிதம் பழசாகிவிட்டது, திரும்ப எடுக்க வேண்டும். அதற்கு முன்னம் டிக்கட்டுக்குக் காசு வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை "ஒரு பகுதி" தருவதாக அண்ணை கடைசியாகச் சொல்லியிருக்கிறார். எந்தப் பகுதி என்று சொல்லவில்லை. நான் கொடுத்தது 385,000.