தம்பி தங்கியிருக்கும் இல்லம் எப்படி?

அறிவுசார் குறைபாடுள்ள என் தம்பி கோவையில் ஒரு குழு இல்லத்தில் தங்கி வேலை பழகுகிறான். ஊருக்கு ஒதுக்குப்புறமான விடுதி இல்லை; சாதாரணத் தெருவில் ஒரு மாடி வீடு, மொத்தம் ஆறு பேர். முக்குக் கடையில் பால் வாங்கிச் சில்லறை எண்ணி வருவதும் பயிற்சிதான்.

காகிதப் பை ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் சுவரில் ஒரு படம், பசை தடவும் இடத்தில் மஞ்சள் கோடு. யாரையும் கேட்காமல் செய்து முடிக்கிறான். ஊக்கத்தொகை அவன் கணக்கிலேயே ஏறுகிறது. அதில் அம்மாவுக்குக்கூடப் பங்கு கிடையாது!

ஞாயிற்றுக்கிழமை டிவிதான் கதி, அது எனக்குப் பிடிக்கவில்லை. கட்டணமும் கொஞ்சம் கடிக்கும். ஆனால் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கு (ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை) இல்லத்தாரே விண்ணப்பித்துக் கொடுத்தார்கள். சேர்க்கும் முன், சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போய்ப் பாருங்கள்.