ரிலீஃப் வகுப்பு: அதட்டலா, ஸ்டிக்கரா, இருக்கைப் பட்டியலா?

காலை 6:40 மணிக்குக் கைபேசி அடித்தால் விஷயம் தெரிந்துவிடும்: எங்கோ ஒரு தமிழாசிரியர் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்திருக்கிறார், அவருக்குப் பதிலாக நான் ரிலீஃப் ஆசிரியராகப் போக வேண்டும். அன்றைய பயிற்சித்தாளை யாராவது மேசைமேல் வைத்திருப்பார்கள். பிள்ளைகளை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்றுதான் யாரும் எழுதி வைப்பதில்லை. ஆறு வருடமாகச் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் மூன்று வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன்.

அதட்டலில்தான் எல்லோரும் தொடங்குகிறோம். முதல் அதட்டலுக்கு வகுப்பு கப்சிப். இரண்டாவதற்குப் பாதி அடங்கும். மூன்றாவதில் பின்வரிசையில் ஒருவன் என் குரலிலேயே பேசிக் காட்டுவான். வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகளைத் தமிழில் திட்டினால் பாட்டி திட்டுவது மாதிரி இருக்கிறதாம், சிரிப்பு வருகிறதாம். ஒருத்தி என்னிடமே சொன்னாள். "டிஎம்கிட்ட அனுப்பிடுவேன்" என்பதும் இதே ரகம். டிஎம், அதாவது பள்ளியின் கட்டொழுங்கு ஆசிரியர், எந்த மாடியில் இருக்கிறார் என்பது எனக்கே தெரியாது. எனக்குத் தெரியாது என்பது தொடக்கநிலை 4 பையனுக்கு நன்றாகத் தெரியும். பிரம்பு பற்றி வாயே திறக்கக்கூடாது. விதிப்படி அது பையன்களுக்கு மட்டும்தான், அதுவும் பள்ளி முதல்வரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோதான் கொடுக்கலாம்.

ஸ்டிக்கர் தொடக்கநிலை 1, 2-இல் நன்றாகவே வேலை செய்யும், பாடம் முடியும்போது கொடுத்தால். நடுவில் கொடுத்தால் தீர்ந்தது. "டீச்சர், நானும் கையைக் கட்டிட்டேன்!" என்று பாடம் முழுக்க அதே பேச்சுதான். புள்ளி சேர்த்தால் வெள்ளிக்கிழமை பரிசு என்று சொல்லவே முடியாது. வெள்ளிக்கிழமை நான் அங்கே இருக்கமாட்டேனே. பிரசவ விடுப்புக்குப் பதிலாக 16 வாரம் போகிறவருக்கு இதே புள்ளித் திட்டம் தங்கம்.

இப்போது என் கட்சி, இருக்கைப் பட்டியல். தமிழ் வகுப்பின் சிக்கல் மற்றவர்களுக்கு அவ்வளவாகப் புரியாது. ஒரு வகுப்பில் 40 பேர் வரை இருக்கலாம் (தொடக்கநிலை 1, 2-இல் 30). தாய்மொழிப் பாடத்துக்கு மணி அடித்ததும் அவர்கள் சீனம், மலாய், தமிழ் என்று பிரிவார்கள். மூன்று நான்கு வகுப்புகளிலிருந்து நம் பிள்ளைகள் ஓர் அறைக்கு வருவார்கள். ஒருவர் ஓடி வருவார், ஒருவர் கழிவறை வழியாக வருவார். உட்காரும் மேசை வேறொரு வகுப்புப் பிள்ளையுடையது. அதன் அடியறையில் கை விட்டால் போக்கிமான் அட்டை, ஸ்லைம் என்று புதையலே இருக்கும்.

ஒரு பள்ளியில் அப்படி ஓர் அட்டை காணாமல் போனது. உச்சி வெயில் நேரத்தில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்: "அந்த மேசையில யார் உட்கார்ந்தது?" எனக்கு எங்கே தெரியும்? அன்றைக்குத்தான் புத்தி வந்தது. இப்போது அலுவலகத்தில் படத்தோடு பட்டியல் வாங்கிக்கொண்டு வகுப்பு வாசலிலேயே நின்றுவிடுகிறேன். வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள்: நேற்று சாப்பிட்டதைப் பற்றி ஐந்து வரி. கடைசிப் பிள்ளை வந்து சேர்வதற்குள் முதலில் வந்தவள் நெய்ச்சோறு வரை எழுதியிருப்பாள். முன்பின் தெரியாத டீச்சர் பெயர் சொல்லி, "கையை மேசை மேல வைப்பா" என்றால் அந்தக் கை உடனே மேலே வருகிறது. குரலை உயர்த்தவே வேண்டாம்.

இதிலும் ஓட்டை உண்டு. பட்டியல் பழசாக இருக்கும். இரண்டு பையன்கள் பெயரை மாற்றிச் சொல்லி ஒரு பாடவேளை முழுக்க என்னை ஏமாற்றினார்கள். பயிற்சிப் புத்தகத்தைப் பெயர் தெரியும்படி மேசைமேல் வைக்கச் சொன்ன பிறகு அந்த விளையாட்டு நின்றது.

உயர்நிலைப் பள்ளிக்கு நான் அதிகம் போனதில்லை. போன வரையில் ஸ்டிக்கரைக் காட்டினால் மானம் போகும். மேசை அருகே போய், மற்றவர் காதில் விழாமல் இரண்டு வார்த்தை சொன்னால் போதும்.

இப்போதெல்லாம் 6:40 அழைப்பில் எந்த வகுப்பு என்று கேட்பதற்கு முன்பே, "இருக்கைப் பட்டியல் இருக்காங்க?" என்று கேட்டுவிடுகிறேன்.