‘மொனார்க் தோட்டம்’ நாற்றுத் தட்டு: செடிக்கு நாலு நட்சத்திரம், அட்டைக்கு ஒன்றுகூட இல்லை

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து ஊரான வெருலம் போகும் சாலையோரத்தில் இருக்கும் ஒரு நாற்றுப்பண்ணையில் வாங்கினேன். ஆறு நாற்று, 180 ராண்ட். தட்டில் ஓர் அட்டை செருகியிருக்கிறார்கள். மரமே தெரியாதபடி அப்பிக்கிடக்கும் மொனார்க் என்ற ஆரஞ்சுப் பட்டாம்பூச்சிகள், அடியில் “மாபெரும் வலசை உங்கள் வாசலுக்கே வரும்” என்று வாசகம்.

வராது. அந்தப் படம் மெக்சிகோவில் மிச்சோவாகான் மலைக்காட்டில் எடுத்தது. தெற்குக் கனடாவிலும் அமெரிக்காவிலும் பிறக்கும் மொனார்க்குகள் நாலாயிரம் கிலோமீட்டர் வரை பறந்து நவம்பரில் அங்குள்ள ஓயாமெல் என்ற ஊசியிலை மரங்களில் அடையும். மார்ச் வாக்கில் வடக்கே கிளம்பும். கனடா வரை போய்ச் சேருவது அதே பூச்சி அல்ல, அதன் பேரப்பிள்ளைகள். அடுத்த குளிருக்கு வழி தெரியாமலே அதே காட்டுக்கு வருவது அவற்றின் வாரிசுகள். வெளியுலக விஞ்ஞானிகளுக்கு அந்த இடம் தெரிந்ததே 1975-ல்தான். இதையெல்லாம் டர்பனில் 180 ராண்டுக்கு வாங்க முடியுமா?

ஆனால் செடியைக் குறை சொல்லமாட்டேன். தட்டில் பாதி பலூன் செடி. இந்த மண்ணுக்கே உரியது, நம் எருக்கின் குடும்பம். சாட்ஸ்வர்த்தில் என் வீட்டுப் பின்புறம் வெயிலில் வைத்தேன், கோடையில் கிடுகிடுவென ஆளுயரம் வந்துவிட்டது. ஆப்பிரிக்க மொனார்க் வந்து முட்டையிட்டது. தமிழ்நாட்டில் எருக்கில் மேயும் வெந்தய வரியன்தான் அது, அமெரிக்க மொனார்க்குக்குப் பங்காளி. புழுவைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: இதற்கு மூன்று ஜோடிக் கருங்கொம்பு, மெக்சிகோ போவதற்கு இரண்டே ஜோடி. செடியின் நஞ்சைத் தின்றே வளர்வதால் பறவைகள் அதிகம் சீண்டுவதில்லை. மாங்காய் ஒன்றுவிடாத எங்கள் தெருக் குரங்குகளும் இந்தச் செடிப் பக்கம் வரவில்லை.

மீதிப் பாதி சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூக்கும் அமெரிக்கச் செடி. பூ அழகுதான். ஆனால் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளில் இது குளிரிலும் பட்டுப்போகாமல் நிற்பதால் மொனார்க்குகள் கிளம்பாமல் தங்கி, ஒட்டுண்ணி நோய் பரவுகிறது என்று அங்கேயே குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அதை இங்கே கூட்டிவந்து விற்பானேன்?

இரண்டு விஷயம் அட்டையில் இல்லை. ஒன்று, காம்பை ஒடித்தால் வரும் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கையுறை அவசியம். இன்னொன்று, பூச்சிமருந்து. பண்ணையில் விற்பனை மேசையருகே நின்ற பையனிடம் கேட்டேன். “தெளிப்போம் கோகோ, இல்லாவிட்டால் இலையைப் புழு தின்றுவிடுமே” என்றான். (கோகோ என்றால் ஜூலு மொழியில் பாட்டி.) புழுவுக்காக விற்கும் செடி! பழைய இலையைக் கிள்ளிப்போட்டுவிட்டு, புதுத் தளிர் வந்தபின்தான் வெளியே வைத்தேன்.

வலசைதான் பார்க்க வேண்டுமென்றால் காசே வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் கூட்டங்கூட்டமாய் ஜோஹானஸ்பர்க் வழியாக வடகிழக்கே, மொசாம்பிக் பக்கம் போகும். லெனேசியாவில் இருக்கும் என் மகன் காரை நிறுத்திவிட்டு எனக்குப் போன் போடுவான்.

வாங்குகிறவர்கள் தட்டாக வாங்காதீர்கள். பலூன் செடியைத் தனியாகக் கேட்டால் பின்பக்கத்திலிருந்து எடுத்துத் தருகிறார்கள், விலையும் குறைவு. ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு அடைத்துவிடுவார்கள்.