மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார் அம்மா

காலை 7 மணிக்கு அம்மாவை உள்ளே அழைத்துப் போனார்கள். 12 மணிக்கெல்லாம் கண்ணில் பிளாஸ்டிக் மூடியுடன் வெளியே வந்து, "கிளம்பலாமா?" என்று கேட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இந்தக் கண்புரை ஆபரேஷனுக்காகவே மூன்று வார லீவில் ஊருக்கு வந்திருந்தேன். ஒரு ராத்திரியாவது அட்மிட் செய்யுங்கள் என்று டாக்டரிடம் முன்பே கேட்டும் பார்த்தேன்.

காரணம் அப்பா. பல வருஷங்களுக்கு முன் இதே கண்புரை ஆபரேஷனில் அவருக்குப் பெரிய கீறல், தையல், ஐந்து நாள் வார்டு. ஆஸ்பத்திரி என்றால் பத்திரம் என்று அன்று மனசில் பதிந்துவிட்டது. இத்தனைக்கும் இரண்டாம் ராத்திரி, எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார் அப்பா. அக்கா பிடித்திராவிட்டால் விழுந்திருப்பார்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். அப்போது புரையை முழுசாக வெளியே எடுக்க 10 மில்லிமீட்டர் வரை கீற வேண்டியிருந்தது. 1967-ல் அமெரிக்கக் கண் டாக்டர் சார்லஸ் கெல்மன் கொண்டுவந்த முறையில் புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சிவிடுகிறார்கள். மடித்த செயற்கை லென்ஸ் உள்ளே போய் விரிகிறது. 3 மில்லிமீட்டருக்கும் குறைவான கீறல் பெரும்பாலும் தையலில்லாமலே மூடிக்கொள்ளும். மரத்துப்போகச் சொட்டு மருந்தே பலருக்குப் போதும்.

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னை மாற்றியது. எல்லோரும் பயப்படும் உள்கண் தொற்று மிக அரிது. வந்தாலும் பெரும்பாலும் சில நாள் கழித்துத்தான் தெரியும். ஒரு ராத்திரி அட்மிட் ஆனவரும் அதற்குள் வீட்டுக்கு வந்திருப்பார். முதல் நாளில் கவனிக்க வேண்டியது கண் அழுத்தம். ஸ்பெயினில் 1,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2001-ல் வெளியான ஆய்வில், ஆஸ்பத்திரியில் தங்கியவர்களைவிட அன்றே வீடு திரும்பியவர்களிடம் அழுத்தம் ஏறியது கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் நான்கு மாதம் கழித்துப் பார்வையில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றே. ஏற்கெனவே கண் அழுத்த நோய் உள்ளவர்கள், ஒரே கண்ணில் பார்வை உள்ளவர்கள், வீட்டில் துணையில்லாதவர்கள் தங்குவது பற்றிக் கேட்பது நியாயம் என்றார். அம்மாவுக்கு இதில் எதுவும் இல்லை. சரி என்றேன்.

குறை வேறு இடத்தில் இருந்தது. ஒரு கண் மூடியிருக்கும் 70 வயதுக்காரரிடம் பொடி எழுத்தில் அச்சடித்த தாளையும் இரண்டு சொட்டு மருந்துகளையும் கொடுத்து, ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்கள். வீட்டில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால், அதைச் சொல்லித்தரக் கால் மணி நேரமாவது ஒதுக்க வேண்டாமா? நான் திரும்பப் போய்க் கேட்டு, பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். ஒரு குப்பியில் ஒரு ரப்பர் பேண்ட், இன்னொன்றில் இரண்டு. ஒன்று விட்டு ஐந்து நிமிஷம் கழித்து அடுத்தது.

நாலாம் நாள் மாலை கண் சிவந்திருந்தது. வலி கூடினாலோ, சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ உடனே கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. டாக்ஸி பிடித்து நேரில் போனோம். நல்லவேளை, வெறும் உலர்ச்சிதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அம்மா என் கையை விடவேயில்லை.

அடுத்த கண்ணுக்குத் தேதி கேட்டபோது, ராத்திரி 10 மணிக்கு யார் போன் எடுப்பார்கள் என்றுதான் முதலில் கேட்டேன். வேறொரு எண் தந்தார்கள். அன்றிரவே அடித்துப் பார்த்தேன். எடுத்தார்கள். அதன் பிறகுதான் தேதி குறித்தோம். இந்த முறை ஆபரேஷனுக்குப் பிறகு நான்கு வாரம் இருக்கிற மாதிரி லீவு கேட்டிருக்கிறேன்.