கர்ப்பத்தில் சினைப்பைக் கட்டி: காத்திருப்பதா, அறுவை செய்வதா?

குழந்தையின் துடிப்பைப் பார்க்கப் போன இடத்தில், ஸ்கேன் அறிக்கையில் ‘சினைப்பையில் கட்டி’ என்று ஒரு வரி இருந்தால் அன்றிரவு தூக்கம் போய்விடும். உடனே எடுத்துவிடலாமா, பிரசவம் வரை பொறுக்கலாமா? பெரும்பாலான கட்டிகளுக்குக் கண்காணித்தபடி காத்திருப்பதே மேல் என்பது என் முடிவு. ஏன் என்று பார்ப்போம்.

முதல் மூன்று மாதங்களில் தெரிபவற்றில் பெரும்பங்கு கார்பஸ் லூட்டியம் நீர்க்கட்டிகள். கருமுட்டை வெளியேறிய இடத்தில் உருவாகி, ப்ரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து கர்ப்பத்தைத் தாங்கிப்பிடிப்பதே இதன் வேலை. நஞ்சுக்கொடி அந்தப் பொறுப்பை ஏற்றதும், பெரும்பாலும் 16 வாரத்துக்குள் தானே சுருங்கிவிடும். அவசரப்பட்டு ஆரம்ப வாரங்களிலேயே இதை அகற்றினால் கருச்சிதைவு அபாயம் உண்டு. தவிர்க்கவே முடியாமல் எடுத்தால் ப்ரொஜெஸ்டிரோன் மருந்து கொடுத்து ஈடுகட்டுவார்கள்.

காத்திருப்பதிலும் ஆபத்து இருக்கிறது: கட்டியோடு சேர்ந்து சினைப்பை முறுக்கிக்கொள்வது. திடீரென ஒரு பக்கத்தில் கடும் வலி, கூடவே குமட்டல், வாந்தி. இதை ‘கர்ப்பத்தில் இதெல்லாம் சகஜம்’ என்று வீட்டில் தள்ளிப்போடுவதுதான் எனக்குப் பெரும் கவலை. டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரிந்தாலும் முறுக்கு இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எந்த மாதமானாலும் இதற்கு அவசர அறுவைதான். சீக்கிரம் போனால் முறுக்கை அவிழ்த்து சினைப்பையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

திட்டமிட்ட அறுவை யாருக்கு? கட்டிக்குள் திடப்பகுதி, தடித்த தடுப்புச் சுவர்கள், உள்பக்கம் முளைத்த சிறு துருத்தல்கள், வயிற்றில் நீர் கோத்திருப்பது, வேகமான வளர்ச்சி இவை தெரிந்தால் பேச வேண்டும். 10 செ.மீ.க்கு மேல் இருந்து கரையாமலே நிற்பதும் அப்படித்தான். ஏற்ற காலம் ஏறக்குறைய 16 முதல் 20 வாரம்: கரையக்கூடியவை கரைந்திருக்கும், கர்ப்பப்பையும் இடத்தை முழுதாக அடைத்திருக்காது. கரையாமல் நிற்பவற்றிலும் புற்றுநோய் குறைவே. டெர்மாய்டு போன்ற தீங்கற்ற கட்டிகள்தான் அதிகம்.

சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியா, வயிற்றைத் திறப்பதா? அனுபவமுள்ள கை கிடைத்தால் நான் முன்னதைத் தேர்வேன். வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். மிகப் பெரிய கட்டி, புற்றுநோய் சந்தேகம் என்றால் திறந்த அறுவை நியாயமானது. ஏனென்றால் அங்கே கட்டி உடையாமல் முழுதாக வெளியே வருவதுதான் முக்கியம்.

பரிசோதனைகளில் அல்ட்ராசவுண்டுக்கே முதலிடம். அதில் தெளிவில்லை என்றால் கடோலினியம் என்ற, படத்தைத் தெளிவாக்கும் மருந்து ஏற்றாத எம்.ஆர்.ஐ. உதவும். சி.டி.யைக் கூடியவரை தவிர்ப்பார்கள். சினைப்பைப் புற்றுநோய்க்கான அறிகுறியாகப் பார்க்கப்படும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து பயப்பட வேண்டாம். முதல் மூன்று மாதங்களில் கர்ப்பமே அதை உயர்த்தும். கட்டிகளுக்காகப் பார்க்கும் ஏஎஃப்பி, எச்சிஜி என்ற மற்ற ரத்த அளவுகள் இரண்டும் கர்ப்பத்தில் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். ஏற்கெனவே சாக்லேட் சிஸ்ட் (எண்டோமெட்ரியோசிஸால் சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய கட்டி) உள்ளவர்கள் அதை ஸ்கேன் செய்பவரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்ப ஹார்மோன்களால் அதன் உட்சுவர் தடித்து, புற்றுநோய் போலவே தோற்றம் காட்டக்கூடும்.

கர்ப்பப்பையின் தசைக்கட்டியான ஃபைப்ராய்டின் கதை வேறு. அதைக் கர்ப்பத்தில் வெட்டினால் ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகலாம் என்பதால், வலி வந்தாலும் பெரும்பாலும் ஓய்வும் பாராசிட்டமாலும்தான்.

அப்புறம், கட்டி இருப்பதாலேயே சிசேரியன் தேவையில்லை. குழந்தை இறங்கும் வழியை அது அடைத்தால்தான் அந்தப் பேச்சு. வேறு காரணத்துக்காக சிசேரியன் நடந்தால் அப்போதே கட்டியையும் எடுக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சுகப்பிரசவமானால் சில வாரங்கள் கழித்து மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். முறுக்கு பிரசவத்துக்குப் பிறகும் வரும்.