கம்பி பிரேக் சைக்கிளா, கியர் சைக்கிளா?

பந்தயத்துக்கும் போகப் போவதில்லை, மலையும் ஏறப் போவதில்லை. மாலையில் ஏழெட்டு கிலோமீட்டர், ஞாயிறு காலை இன்னும் கொஞ்சம். இப்படி ஓட்டுகிறவர்கள் வீட்டில் கிடக்கும் பழைய கறுப்பு கம்பி பிரேக் சைக்கிளைத் தட்டி எடுப்பதா, புதிதாக ஹைப்ரிட் என்கிற கியர் சைக்கிள் ஒன்றை வாங்குவதா?

உட்காருகிற சுகத்தில் பழையதை அடிக்க ஆளில்லை. ஹெர்குலஸ், அட்லஸ், ஹீரோ எதுவானாலும் மூலம் ரோட்ஸ்டர் என்கிற பழைய ஆங்கிலேய சைக்கிள்தான். முன் ஃபோர்க் தரையிலிருந்து சுமார் 68 டிகிரியில் சாய்ந்திருக்கும்; இரு சக்கரங்களுக்கு இடையிலான தூரமும் அதிகம். அதனால் குண்டும் குழியும் கைக்கு வருவதற்குள் பாதி அடங்கிவிடும். நிமிர்ந்து உட்காரலாம், வேட்டியோ பேண்ட்டோ செயினில் சிக்காது. ஹைப்ரிடில் ஃபோர்க் 71, 72 டிகிரிக்கு நிமிர்ந்திருப்பதால் திருப்பினால் சட்டென்று திரும்பும், ஆனால் மணிக்கட்டு வலிக்கும். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் கீழ்நோக்கி இருந்தால் அதைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். ஹேண்டில்பார் இரண்டு செ.மீ. உயரும். மட்கார்டும் கேரியரும் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

ஏற்றம் வந்தால் கதை மாறும். பழையதில் முன்னே 44 பல், பின்னே 18 என்றால் ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர் போகும். சமதளத்துக்கு அது போதும். மேம்பாலத்தில் எதிர்க்காற்றும் சேர்ந்தால், 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை இறங்கித் தள்ள வேண்டியதுதான். ஹைப்ரிடில் முன் 24, பின் 28 போட்டால் ஒரு மிதிக்கு இரண்டு மீட்டர்கூட இல்லை. முட்டி வலி இருப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே கியர் வண்டி வாங்கலாம்.

மழையில் பழையதை நம்பவே கூடாது. கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மின் உள்விளிம்பை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிடிப்பு பெருமளவு போய்விடும். கட்டையை மாற்றினாலும் அதிகம் தேறாது. சக்கரம் பக்கவாட்டில் லேசாக ஆடினால் இந்த பிரேக் கண்டுகொள்ளாது. ஆனால் மேலும் கீழும் கோட்டம் இருந்தால் சுற்றுக்கு ஒருமுறை வெடுக்கென்று பிடிக்கும். ஹைப்ரிடில் வரும் டிஸ்க் பிரேக்குக்கு ஈரம் பெரிய பொருட்டில்லை. அதன் எதிரி எண்ணெய். செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது பின் டிஸ்க்கில் தெறித்தால் கீச்சென்று கத்தும், பிடிக்காது. ஐசோபுரோபில் ஆல்கஹாலில் டிஸ்க்கைத் துடைத்து, பிரேக் பேடை உப்புத்தாளில் லேசாகத் தேயுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் பேடை மாற்றத்தான் வேண்டும்.

பழுது பார்ப்பதில் பழையது நல்ல பிள்ளை. காற்று மெல்ல இறங்குகிறதா? பங்ச்சர் என்று டியூபைக் கழற்றுமுன் வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் குழாய், அதாவது வால்டியூப், வெடித்திருக்கிறது. சில்லறைக் காசு வேலை.

மிதிக்கும்போது சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்றால் பெரும்பாலும் பெடல் கையான கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் தேய்ந்திருக்கும். நட்டைப் பின்னின் நுனி மட்டத்துக்குத் தளர்த்தி, கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டை முட்டுக்கொடுத்து, சுத்தியலால் ஒரே அடி. முட்டில்லாமல் அடித்தால் அந்த அடி உள்ளிருக்கும் பேரிங் பால்ஸுக்கும் கப்புக்கும் போகும். புதிய பின்களின் தட்டைப் பக்கம் இரண்டு கிராங்கிலும் எதிரெதிர்த் திசையில் வர வேண்டும். மாறினால் பெடல்கள் நேர்க்கோட்டில் நிற்காது. 20 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். பெரும்பாலான தகராறு அந்த இறுக்கலை மறப்பதால்தான்.

கியர் வண்டியை வலப்பக்கம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் செயினைப் பல் மாற்றும் பின் டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளையும். அதன் பிறகு பெரிய பல்லுக்கு மாற்றும்போது செயின் ஸ்போக்கில் போய் மாட்டலாம். ஹேங்கர் மாடலுக்கு மாடல் வேறு. வாங்கும்போதே கூடுதலாக ஒன்று கேட்டு வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். செயினை ஸ்கேலால் அளந்து பாருங்கள்: புதியதில் 12 ஜோடிக் கண்ணி (உள் ஒன்று, வெளி ஒன்று சேர்ந்தது ஒரு ஜோடி) சரியாக 12 அங்குலம். 12 1/16 ஆனதும் மாற்றுங்கள். 12 1/8 வரை விட்டால் பின் பல் சக்கரமும் கூடவே போய்விடும்.

ஊர் சமதளமாக இருந்து, பழைய வண்டியின் ஃபோர்க் உள்வாங்காமல், ஃபிரேம் மூட்டுகளில் விரிசல் இல்லாமல் இருந்தால் ஓவராயில் பண்ணி அதையே ஓட்டுங்கள் என்போம். மழையிலும் போயாக வேண்டும், வழியில் ஏற்றம் உண்டு, வண்டியை மாடிக்குத் தூக்க வேண்டும் என்றால் யோசிக்காமல் புதியது.

டயர் வாங்கும்போது மட்டும் '28' என்று வாயால் கேட்டு வாங்காதீர்கள். பழையதன் 28×1½ டயர் 635 மி.மீ. ரிம்முக்கானது, ஹைப்ரிடின் 700சி 622 மி.மீ., அதன் பக்கவாட்டிலும் 28 என்று அச்சாகியிருக்கும். டயரில் 40-635, 37-622 என்பதுபோல் இருக்கும் எண்ணைக் காட்டிக் கேளுங்கள்.